பல்புழுச் சித்தரும் சாந்துத் தாடையும்

அறுபத்துநாலாம் வருஷம், ஓர் அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் செஞ்சியில் நின்றதும் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. அங்காளம்மன் எங்கும் ஓடிவிட மாட்டாள். பல்புழுச் சித்தர் ராஜாங்கம் பொழுது சாய்ந்தால் கடையைக் கட்டிவிடுவாரே!

சித்தரின் வைத்தியம் கண்கொள்ளாக் காட்சி. நோயாளி குனிந்து உட்கார, தலையோடு ஒரு கம்பளி. உள்ளே தணல் சட்டி, அதில் கண்டங்கத்திரி விதை, பக்கத்தில் தண்ணீர்த் தட்டு. புகை, இருமல், மந்திரம். கம்பளியை எடுத்தால் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புழு! "தாயே!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வலிக்கிற கன்னத்திலேயே போட்டுக்கொள்ளும், அவ்வளவு பக்தி.

"எனக்கு ஒம்போது புழு வந்துச்சு," என்றாள் வல்லத்து அம்மாக்கண்ணு.

"வலி போயிடுச்சா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"அது எங்க போவுது? ஆனா ஒம்போதாச்சே!"

அரிசி மண்டி விருஷபதாஸ் சமணர். எறும்பு வந்தால் ஒதுங்கி நடப்பார். அவர் மகள் பத்மினிக்கு ஆறு வயது, கடைவாய்ப் பல் சொத்தை. போன அமாவாசைக்குச் சித்தர் பதினாலு புழு எடுத்தார். ஜீவனைக் கொல்லலாமா? பதினாலையும் விருஷபதாஸ் கிண்ணத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய் வெல்லம் வைத்து வளர்த்தார். ஒன்றும் அசையவில்லை. "சாதுவான புழுங்க," என்று பெருமைப்பட்டார். பெண்ணின் கன்னமோ பன் மாதிரி வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. மறுபடியும் சித்தரிடம் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்று காலைதான் அவர் தங்கை ஜெயமாலா சென்னையிலிருந்து வந்திருந்தாள். பல் டாக்டர். அதற்கும் மேல், குழந்தைகளின் பல்லுக்கென்றே ஆஸ்பத்திரியில் தங்கித் தனிப் பயிற்சி, இரண்டாம் வருஷம். சான்று வேண்டுமா? பிள்ளைகள் கடித்த தழும்பு விரல்களில் ஏழு இருந்தது.

"அண்ணா, உள்ள சீழ் கட்டியிருக்குது. கழுத்துக்கு எறங்கினா உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே பல்லப் புடுங்கணும்."

"புழு இருக்கும்போது புடுங்கினா அதுங்க செத்துடும்மா. மொதல்ல சித்தர் எறக்கட்டும்."

ஜெயமாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தை கொதிக்கிறது, இந்த மனிதர் புழுவுக்கு இரக்கப்படுகிறார்! ஆனால் கத்தினால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதுதான் அவள் பயிற்சியில் முதல் பாடம்.

"சரி, நானும் வரேன். மொதல்ல எனக்கு எடுக்கட்டும்," என்று பையைத் தோளில் மாட்டினாள்.

கம்பளிக்குள் பையோடு போனாள். புகை, மந்திரம். சித்தர் தட்டை உயர்த்தினார்.

"பதினொண்ணு! இன்னாம்மா இது, வாய் பூராப் புழு? பல்லே வெளக்கறதில்லியா?"

கூட்டம் சிரித்தது. ஜெயமாலா கம்பளியை உதறி எழுந்தாள். கம்பளிக்குள்ளேயே தன் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் வெள்ளைச் சாந்தில் வார்த்த ஒரு தாடை, வரிசையாகப் பால்பற்களோடு. கட்டை அவிழ்த்தாள்.

"உள்ள நான் புகை காட்டினது என் வாய்க்கில்ல, இந்தத் தாடைக்குத்தான். பயிற்சிக்காக என் கையால வார்த்தது. இதுல புழு எப்ப குடி வந்துச்சு?"

சித்தர் தாடையைச் சுட்டிக் காட்டினார். "அது... அது சாந்துப் புழு!"

கூட்டம் இப்போது வேறு மாதிரி சிரித்தது. ஜெயமாலா சித்தரின் விதையிலேயே ஒரு பிடி அள்ளித் தணலில் போட்டாள். வாயும் இல்லை, மந்திரமும் இல்லை. படபடவென்று வெடித்து, விதைக்குள் இருந்த வெள்ளை முளைகள் தட்டில் விழுந்தன. அச்சு அசல் புழு!

"என் ஒம்போதும் கண்டங்கத்திரியா?" அம்மாக்கண்ணு கம்பளியைச் சுருட்டிக்கொண்டு சித்தரைத் துரத்தினாள். எந்தப் பல்லை எப்போது இழப்போமோ என்று சித்தர் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப நான் ஒரு மாசமா வெல்லம் போட்டது?" என்றார் விருஷபதாஸ்.

"வெதைக்குண்ணா. இனிமே பொண்ணப் பாரு."

அவர் கண் கலங்கிவிட்டது. குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தார்.

வீட்டில் பத்மினி வாயைத் திறக்கவில்லை. "கையில இன்னா வச்சிருக்க அத்தை? மொதல்ல காட்டு."

ஜெயமாலா கண்ணாடியைக் காட்டினாள். பல் பிடுங்கும் குறட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். ஊசியைக்கூட மறைக்கவில்லை. அதன் பிறகே வாய் திறந்தது. பல் வந்தது, சீழ் வந்தது, மறுநாள் காய்ச்சலும் போயிற்று. புழு மட்டும் வரவே இல்லை.

கையில் என்ன, காட்டு என்று கேட்க ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது. மீசை முளைத்தவர்களே, நீங்கள் எப்போது கேட்கப் போகிறீர்கள்?