கல்விக் கடனும் எதிர் வீட்டு சோஃபாவும்

பேங்கிலிருந்து வீட்டைப் பார்க்க ஆபீசர் வருகிறார் என்ற செய்திகூடத் தமிழ்மாறனை அவ்வளவாகக் கலக்கவில்லை. வருகிறவரை எதில் உட்கார வைப்பது என்பதுதான் அவர் கவலை.

வீட்டில் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றின் கால் விரிசல் விட்டு, அதன் மேல் துணிக்கூடை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இன்னொன்றில் உட்காரலாம். ஆனால் இடது பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். வீட்டு மனிதர்களுக்கு அது பழகிவிட்டது. கடன் கொடுக்க வரும் ஆபீசரிடம், "சார், கொஞ்சம் லெஃப்ட்ல சாஞ்சுக்குங்க" என்று எப்படிச் சொல்வது?

"பாய் போட்டா போச்சு" என்றாள் அவர் மனைவி பாக்கியலட்சுமி.

"பாய்ல உக்காந்துகிட்டு யாராச்சும் லட்சக்கணக்குல லோன் குடுப்பாங்களா? நீ ஒண்ணு."

மகள் கவிநிலாவுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். இன்று செவ்வாய். லோன் கவிநிலா பெயரில்தான். ஆனால் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த அப்பா எப்படிப்பட்டவர், எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார் என்று பார்க்கத்தான் ஆபீசர் வருகிறார்.

தமிழ்மாறனுக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை. டின் தூக்கித் தூக்கி ஒரு சமயம் வலது தோள் அப்படியே பிடித்துக்கொண்டது. சட்டை போடக்கூட கை மேலே வராது. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் அவர் கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி இறக்கியவள் கவிநிலா. கை மேலே வந்த அன்றே, இதைத்தான் படிப்பது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். எப்பாடுபட்டாவது படிக்க வைப்பது என்று அவரும் முடிவு செய்துவிட்டார். எப்படி என்பதை மட்டும் இருவருமே முடிவு செய்யவில்லை.

எதிர் வீட்டு பிரேம்குமார் வேலைக்குக் கிளம்பிப் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு நல்ல நாற்காலி கேட்கத்தான் தமிழ்மாறன் போனார்.

"நாற்காலியா? அண்ணே, பேங்க்காரன் இன்னா பாப்பான் தெரியுமா? இவன் திருப்பிக் கட்டற ஆளான்னு பாப்பான். வீடு பளிச்சுன்னு இருக்கணும். எங்க வீட்டு சோஃபாவ எடுத்துட்டுப் போங்க. சுவர்க் கடிகாரம் ஒண்ணு இருக்கு, அதையும் மாட்டிடுங்க. இந்தாங்க சாவி."

"அதெல்லாம் வேணாம்பா."

"பொண்ணு படிக்கணுமா வேணாமா?"

தமிழ்மாறன் சாவியை வாங்கிக்கொண்டார்.

அது மூன்று பேர் உட்காரும் சோஃபா. தூக்க வேண்டியவர்களோ பிடித்த தோள் ஒன்றும் பாக்கியலட்சுமியும். நடுத்தெரு வரை கொண்டு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் சோஃபா நகர மறுத்தது. அந்த நேரத்தில், தெருமுனையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, தோளில் பையும் கண்ணில் கண்ணாடியுமாக ஒரு பெண் வந்தாள்.

"இங்க தமிழ்மாறன்னு..."

"நான்தாம்மா. கவிநிலாவப் பாக்க வந்தியா? ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கா, இப்ப வந்துடுவா. பையத் திண்ணையில அப்பிடி வச்சிட்டு இந்த மூலையக் கொஞ்சம் புடிம்மா."

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். கனமான சாமான் எதுவும் நகர்கிறதென்றால், அந்த வழியாக வருகிறவர் யாரானாலும் கை கொடுக்க வேண்டும். பேரும் ஊரும் அப்புறம்தான் கேட்பார்கள். போஸ்ட்மேன் ஒருமுறை கட்டில் தூக்கியிருக்கிறார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மூடினாள், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மூலையைப் பிடித்தாள்.

வாசற்படி வரை வந்தது சோஃபா. வாசலுக்குள் நுழையவில்லை. நேராகத் தள்ளினார்கள், சாய்த்துத் தள்ளினார்கள், நிமிர்த்தி நிற்க வைத்தும் பார்த்தார்கள்.

"கதவக் கழட்டிட்டா போவும்" என்றார் தமிழ்மாறன்.

"ஆபீசர் வர்ற நேரத்துலயா?" என்றாள் பாக்கியலட்சுமி.

"ரெண்டு நிமிஷ வேலை. அம்மாடி, இந்த ஸ்க்ரூவெல்லாம் பத்திரமா வச்சுக்க."

அந்தப் பெண் உள்ளங்கையில் ஸ்க்ரூக்களை ஏந்திக்கொண்டு நின்றாள். கழற்றிய கதவு தெருச்சுவரில் சாய்ந்து ஓய்வெடுத்தது. சோஃபா உள்ளே போனது. போனது மட்டுமல்ல, கூடத்தை அடைத்து, சமையற்கட்டு வாசலையும் பாதி மறைத்தபடி உட்கார்ந்துவிட்டது. உள்ளே காபிக்குப் பால் வைக்கப் போன பாக்கியலட்சுமி உள்ளேயே மாட்டிக்கொண்டாள்.

"நான் எப்பிடி வெளிய வர்றது?"

"ஆபீசர் போனப்புறம் வா."

சோஃபா வந்ததும்தான் பின்னால் இருந்த சுவரின் லட்சணம் தெரிந்தது. இத்தனை நாள் ஏழை வீட்டுச் சுவராக மரியாதையோடு நின்றிருந்தது. இப்போது பார்த்தால் அசிங்கமாக இருந்தது. சரி, கடிகாரத்தை மாட்டினால் கண் அங்கே போகும் என்று தமிழ்மாறன் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். ஆணி இறங்கவில்லை. சுவர் இறங்கியது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, பிரேம்குமாரின் சோஃபா மேல் பொலபொலவென்று கொட்டியது.

சமையற்கட்டிலிருந்து பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவளோ, "பீரோவுல என் முகூர்த்தப் பொடவ இருக்கு, எடுத்து மறைச்சுக் கட்டுங்க" என்றாள். அதை அவள் கல்யாணம் காட்சிக்குக்கூடக் கட்டாமல் வைத்திருந்தாள். தமிழ்மாறன் பீரோவைத் திறந்தார்.

சேஃப்டி பின் குத்திப் புடவையைச் சுவரில் தொங்கவிட்டது அந்தப் பெண்தான். இப்போது கூடம் மணமேடை மாதிரி ஜொலித்தது. மாப்பிள்ளை பெண் வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி.

"அங்கிள், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லலாம்மா, சொல்லலாம். மொதல்ல இந்தத் தூசியத் தட்டிடு. பேங்க் ஆபீசர் எந்த நேரமும் வந்துடுவாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

தமிழ்மாறனுக்கு ஒரு குணம் உண்டு. சாதாரண நாளில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். பயம் வந்துவிட்டால் எதிரில் இருப்பவரை வாயைத் திறக்க விடமாட்டார். அந்தப் பெண் துணியை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, சட்டைப் பையில் தலை நீட்டும் பேனா. கதவில்லாத வாசலில் தட்ட இடம் தேடி, கடைசியில் நிலையைத் தட்டினார்.

"பிரேம்குமார் சொன்னாரு..."

"பிரேம்குமார் நம்ம தம்பி மாதிரி சார். வாங்க சார், உக்காருங்க சார்."

வந்தவர் நேராக சோஃபாவுக்குப் போய் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பிடித்தார். இவ்வளவு கறாரான ஆபீசரைத் தமிழ்மாறன் எதிர்பார்க்கவில்லை.

"எத்தன வருஷம் ஆச்சு?" என்றார் வந்தவர்.

"பதினெட்டு வருஷம் சார். மேட்டுப்பாளையத்துல ஒரே கம்பெனி. அனாவசியமா ஒரு நாள் லீவு போட்டதில்ல."

வந்தவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். அவர் தலைக்குப் பின்னால், சோஃபாவின் முதுகுக்கு மேலே, ஒரு காபி டம்ளர் எழும்பியது. அதைத் தொடர்ந்து பாக்கியலட்சுமியின் முகம் எழும்பியது. டம்ளரை வாங்க வந்த கணவனின் காதில் அவள் கிசுகிசுத்தாள்.

"ஏங்க, இவரு தாலுகா ஆபீஸ்லேர்ந்து வந்தவரா இருந்தா?"

தமிழ்மாறனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவிநிலாவுக்கு உதவித்தொகை கேட்டும் எழுதிப் போட்டிருந்தார்கள். அதற்கும் வீட்டைப் பார்க்க ஆள் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். லோன் கொடுப்பவருக்கு இந்த வீட்டில் பணம் இருப்பதாகத் தெரிய வேண்டும். உதவித்தொகை கொடுப்பவருக்கு இல்லாததாகத் தெரிய வேண்டும். பட்டுப்புடவை கட்டிய சுவரைப் பார்த்து யார் உதவித்தொகை கொடுப்பார்கள்?

எந்த ஆபீஸ் என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. பொய்யை எந்தப் பக்கம் திருப்பினாலும் இடித்தது. மனிதருக்கு அலுத்துவிட்டது.

"சார், இந்த சோஃபா எங்களுது இல்ல."

வந்தவர் சட்டென்று எழுந்து நின்றார். "இன்னாது? அப்ப யாருது?"

"எதிர் வீட்டுது சார். மாட்ட எடுத்துட்டு வந்த கடிகாரமும் அவங்களுதுதான். பொடவ மட்டும் எங்களுது. அதுக்குப் பின்னாடி சுவர் பேந்திருக்கு. நீங்க லோன் ஆபீசரா உதவித்தொகை ஆபீசரான்னு எனக்குத் தெரியாது. யாரா இருந்தாலும் இதுதான் சார் நெஜம். எங்க வீட்ல உக்காரணும்னா லெஃப்ட்ல சாஞ்சுதான் உக்காரணும்."

வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தமிழ்மாறன் விடவில்லை.

"எம் பொண்ணு கேட்டு நான் பெருசா எதையும் வாங்கிக் குடுத்ததில்ல சார். அது எதையும் கேட்டதும் இல்ல. அதுதான் எனக்கு வருத்தம். அப்பன்கிட்ட இல்லன்னு தெரிஞ்சு கேக்காமலே வளந்துடுச்சு. இப்பத்தான் மொதமொதலா, 'அப்பா, நான் இதப் படிக்கட்டுமா'ன்னு கேட்டுச்சு. இந்தக் கைய அதுதான் சார் தூக்கி விட்டுச்சு." அவர் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "பால்காரனுக்கு ஒரு மாசம் பாக்கி வச்சதில்ல சார் நாங்க. லோன எப்பிடிக் கட்டுவேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா கட்டுவேன்."

சமையற்கட்டில் பாக்கியலட்சுமி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வாசலோரம் தூசித்துணியைப் பிடித்தபடி அந்தப் பெண் அசையாமல் நின்றாள். வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு நல்லா படிக்கட்டுங்க. நல்லா வரும்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "நான் சோஃபா பாக்க வந்தவன். பிரேம்குமாரு வெலைக்குன்னு போன்ல போட்டோ போட்டிருந்தாரு. எதிர் வீட்ல இருக்கு, போய்ப் பாத்துக்கங்கன்னாரு. வெலையக் கொஞ்சம் கொறப்பாரான்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தமிழ்மாறன் காபியை நீட்டினார். அவர் குடித்துவிட்டு, சர்க்கரை சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப பேங்க் ஆபீசர் இன்னும் வரல" என்றாள் பாக்கியலட்சுமி, சோஃபாவுக்குப் பின்னாலிருந்து.

"வரட்டும். பாயப் போடு. இத எடுத்துடலாம்." தமிழ்மாறன் குரலில் இப்போது நடுக்கம் இல்லை. ஒருமுறை சொல்லிப் பார்த்ததில் உண்மை அப்படியொன்றும் கனமாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. "அம்மாடி, உன்ன வந்ததுலேர்ந்து வேலை வாங்கறேன். இன்னொரு வாட்டி அந்த மூலையப் புடிச்சுக்கம்மா."

அந்தப் பெண் குனிந்து மூலையைப் பிடித்தாள். அவர் தோளைப் பார்த்து, கனமான பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டாள். சோஃபா தரையை விட்டு எழும்பிய நேரத்தில் கவிநிலா ஜெராக்ஸ் கட்டோடு வாசலில் வந்து நின்றாள். தெருவில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய அம்மாவின் புடவையைப் பார்த்தாள், சோஃபாவையும் அதைத் தூக்கி நின்ற பெண்ணையும் பார்த்தாள்.

"அப்பா, இன்னாப்பா இதெல்லாம்? இவங்க யாரு?"

"யாருன்னு என்னைக் கேக்கறியே. உன் ஃப்ரெண்டுதான?"

"நான் இவங்கள இதுவரைக்கும் பாத்ததே இல்லப்பா."

அந்தப் பெண் சோஃபாவின் மூலையைக் கீழே வைக்காமலே, மூக்கில் இறங்கிய கண்ணாடியைத் தோளால் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "பேங்க்லேர்ந்து வீடு பாக்க வந்தது நான்தான் அங்கிள், நல்லா பாத்துட்டேன், இத அவங்க வீட்ல வச்சிட்டு வந்து கதவ மாட்டிடுவோம், நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வந்துடுங்க."