வடக்கு ஜன்னல் மிளகாய்

டாஸ்மேனியாவில் மிளகாய் வளர்க்கிறவனுக்கு முதல் எதிரி பனி. இரண்டாவது எதிரி பெண்டாட்டி. பனியாவது கோடையில் லீவு எடுக்கும்.

அக்டோபர் பொருட்காட்சி முடியும்வரை எந்தச் செடியையும் தரையில் நடக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். சொன்னதைக் கேட்டால் நான் மெர்வின் இல்லையே! மூன்று வருஷம் முந்திக்கொண்டு நட்டேன். மூன்று வருஷமும் பனி கருக்கித் தள்ளியது. நாலாம் வருஷம் சபதம் போட்டேன். இனிமேல் செடி வீட்டுக்குள்ளேதான்! ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்கோடியில் வெயில் விழும் வடக்கு ஜன்னல் அறை முழுக்கத் தொட்டிகள். என் மனைவி கிளெனிஸின் மின்சாரக் கம்பளி செடிகளுக்கு. அவளுக்கு என் பழைய ஸ்வெட்டர்.

ஏப்ரலும் வந்துவிட்டது, இங்கே கோடை முடிந்தாயிற்று. காய்கள் விரல் நீளம். ஆனால் அத்தனையும் பச்சை.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் பார்ப்பேன்," என்றாள் கிளெனிஸ். "உன் செடியில ஒரே ஒரு காய் சிவக்கட்டும், அறை உனக்கு. இல்லேன்னா திங்கட்கிழமை ரொவீனா வந்துடுவா."

ரொவீனா என் மச்சினி. தோல்பையை அமுக்கி ஊதுகிற பேக்பைப் வாசிப்பாள். 'வாசிப்பாள்' என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். அவள் ஊதினால் பக்கத்துப் பண்ணை ஆடுகள் நாள் நெருங்கும் முன்பே குட்டி போட்டுவிடும்.

சனிக்கிழமை காலை கிளெனிஸ் சந்தைக்குக் கிளம்பினாள். நான் கடைக்கு ஓடினேன். என் காய் ஜாடையிலேயே ஒரு சிவப்பு மிளகாய் கிடைத்தது. 'காரம் குறைவு, குழந்தைகளும் சாப்பிடலாம்' என்று சீட்டு வேறு. தூண்டில் நரம்பால் அதைக் கிளையோடு கட்டினேன். முடிச்சு மூன்று தரம் அவிழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பதினொன்று ஐம்பது. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு நெவில்.

"அட, நிஜமாவே பழுத்திருக்கே!" நெவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். நரம்பு வெயிலில் பளபளத்தது. நான் குறுக்கே பாய்ந்தேன்.

"கிட்டப் போகாதே! மூச்சுப் பட்டா உதிர்ந்துடும்!"

"அப்படி என்னடா நோஞ்சான் மிளகாய்?"

கிளெனிஸ் மிளகாயைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். இன்னும் எட்டு நிமிஷம்.

"சிவப்புதான், ஒத்துக்கறேன். காரம் இருக்கா?"

"காரமா? குதிரை கடிச்சாக்கூட மயக்கம் போட்டு விழும்!"

"அப்போ நீயே கடிச்சுக் காட்டு."

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். குழந்தை தின்கிற மிளகாய்! ரெண்டு இருமல், கொஞ்சம் கண் கசக்கல், நடித்தால் தீர்ந்தது. மிளகாயைப் பிய்த்து, பாதியை ஒரே கடி கடித்தேன்.

அம்மாடியோவ்! நடிக்கிற வேலையே வைக்கவில்லை. நாக்கில் தீ. காதில் புகை. அறையை நாலு சுற்றுச் சுற்றினேன்.

"தண்ணி! தண்ணி! படுபாவிங்க! குழந்தைகளும் சாப்பிடலாம்னு சீட்டு ஒட்டி வித்தாங்களே!"

"யாரு வித்தாங்க?" என்றான் நெவில்.

வாயைப் பொத்திக்கொண்டேன். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

கிளெனிஸ் நிதானமாக ஒரு டம்ளர் பாலை நீட்டினாள். தயாராக ஊற்றி வைத்திருந்திருக்கிறாள். "கேட்டுக்கிட்டியா நெவில்? கடையில வாங்கினதாம். அவன் வாயாலேயே சொல்லிட்டான்." உடனே போனை எடுத்தாள். "ரொவீனா, நாளைக்கே வந்துடு. பேக்பைப்பை மறந்துடாதே."

பாலைக் குடித்து முடித்ததும் ஈனஸ்வரத்தில் கேட்டேன். "கிளெனிஸ், கடை மிளகாய்க்கு எப்படி இவ்வளவு காரம்?"

"கடை மிளகாயை நேத்து சாலட்ல போட்டுட்டேன். நல்லாருக்குன்னு ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னே. இப்போ கடிச்சது உன் செடியில, இலைக்குப் பின்னாடி பழுத்தது. நான்தான் பறிச்சு உன் நரம்புலயே கட்டி வச்சேன்." காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமையே நீ ஜெயிச்சாச்சு மெர்வின்."