இரண்டே இரண்டு சீட்

கொஸ்லந்தையில் எங்கள் சொந்தக்காரப் பெண் மயூரிக்குக் கல்யாணம் என்று கார்டு வந்த அன்றே நான் முடிவெடுத்துவிட்டேன். இந்தத் தடவை நானும் என் மனைவி ராசம்மாவும் மட்டும்தான் போவோம்.

இது தொண்ணூற்றேழாம் வருஷத்து முடிவு. ஆசை அதற்கும் முப்பது வருஷம் மூத்தது. நாங்கள் எங்கே புறப்பட்டாலும் ராசம்மாவின் சொந்தம் முழுக்க வண்டியில் ஏறிவிடும். அவளுடைய அண்ணன் சின்னராசா முன்னால் உட்காருவார். அண்ணிமார் நடுவில். எனக்கு எப்போதும் பின் மூலை. கதிர்காமத்துக்குப் போனபோது வழி நெடுக நான் பார்த்தது ஒரு வாழைத்தாரை மட்டும்தான். தேயிலை ஸ்டோரில் கொழுந்து நிறுத்தவன் நான். ஒரு சாக்கில் எவ்வளவு கொள்ளும் என்று எனக்குத் தெரியும். கொழுந்தைக்கூட யாரும் அப்படி அடைக்கமாட்டார்கள்.

பதுளையில் வாஹித் நானாவின் கராஜில் அந்தக் காரைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. சின்னச் சிவப்புக் கார். தன் ஊருக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. மேலே கூரை கிடையாது. மாப்பிள்ளை அழைப்புக்கு நானா அதை வாடகைக்கு விடுவார். முக்கியமான விஷயம், சீட் இரண்டுதான். பின்னால் ஒரு பூனை உட்காரக்கூட இடம் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஜீப் நின்றது. பஸ் ஸ்டாண்டையே ஏற்றிக்கொண்டு போகலாம் போல.

ராசம்மா இரண்டையும் பார்க்கவேண்டும் என்றாள். அளவு நாடாவோடு கூட்டிப்போனேன்.

முதலில் ஜீப். அவள் ஏறுவதற்கு நானா ஒரு ஸ்டூல் போட்டார். ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். எதிலும் இடிக்கவில்லை.

"தோட்டத்து லயத்துல நம்ம குடியிருந்த காம்பராவை விடப் பெருசா இருக்குங்க."

"அதுதான் பிரச்சினை."

"இடம் இருந்தா என்னங்க பிரச்சினை?"

"இடம் இருந்தா ஆள் வரும்."

"எந்த ஆள்?"

கடைசி சீட்டில் ஏறிக் காட்டினேன். முட்டி வந்து தாடையைத் தொட்டது.

"இங்க ஒரு மனுசன் உக்கார முடியுமா?"

"இப்ப உக்காந்திருக்கீங்களே."

அடுத்தது சின்னக் கார். அதில் ஏறுவது என்ற பேச்சே இல்லை, இறங்கத்தான் வேண்டும். முதலில் பின்பக்கத்தை இறக்கி, பிறகு கால்களை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். சீட் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். நானா காரை ஸ்டார்ட் பண்ணினார். என் கடைவாய்ப்பல் ஆடியது.

"எப்படிங்க இருக்கு?"

"சொகுசா இருக்கு."

"அப்ப எந்திரிச்சு வாங்க."

நானா கை கொடுத்தார். ஒரு கை போதவில்லை.

"மழை பெய்ஞ்சா?" என்றாள்.

"துணிக் கூரை ஒண்ணு இருக்கு."

நானா தலையைச் சொறிந்தார். "இழுத்தா வரும் ஐயா. முழுசா வராது."

"பெட்டி எங்க வைக்கிறது?"

"ஒருநாள் கல்யாணத்துக்குப் பெட்டி எதுக்கு புள்ள?"

"அண்ணன் நானும் வாறேன்னு சொன்னா?"

"தாராளமா வரட்டும். சீட் ரெண்டுதானே. நான் என்ன செய்யட்டும்?"

இந்தப் பதிலை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். நன்றாகவே வந்தது. ராசம்மா இடதுபக்கச் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் ஒல்லி, சுலபமாக உட்கார்ந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

"சரிங்க. இதையே பேசிடுங்க."

அவ்வளவுதான். நான் தயார் பண்ணி வைத்திருந்த மற்றப் பதில்கள் எல்லாம் வீணாகிவிட்டன.

"டிரைவர் யாரு நானா?" என்று கேட்டாள்.

"வீரய்யாதான். அவன் இல்லாம என்ட இந்தக் காரு வெளிய போகாது."

"நல்ல பொறுமைசாலி" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

கல்யாணத்தன்று காலையில் கார் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இடதுபக்கம் ராசம்மா உட்கார்ந்திருந்தாள். வலதுபக்கம் வீரய்யா உட்கார்ந்திருந்தான். நான் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மறுபடியும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வண்டி பேசினால் டிரைவரும் சேர்ந்துதான் வருவார். வேனில் பன்னிரண்டு பேர் என்றால் அவரை விட்டுத்தான் பன்னிரண்டு. ஸ்டியரிங்கை எண்ணாத மாதிரி அவரையும் யாரும் எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை.

"ரெண்டு சீட்டுதாங்க ஐயா" என்றான் வீரய்யா, ஆறுதலாக.

"ராசம்மா, இது உனக்குத் தெரியுமா?"

"கராஜிலயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நாடாவெல்லாம் வச்சு அளந்தீங்க. குறுக்க பேசினா உங்களுக்குக் கோவம் வரும்."

"முப்பது வருஷமா உன்கூடத் தனியா ஒரு பயணம் போகணும்னு இருந்தேன் புள்ள."

அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள்.

"எனக்கும் ஆசைதாங்க. ஒருத்தர் வாந்தின்னுவாங்க, ஒருத்தர் பசின்னுவாங்க, நீங்க முதுகுவலின்னுவீங்க. எல்லாத்துக்கும் நான்தான் திரும்பித் திரும்பிப் பாக்கணும். ஒரே ஒரு தடவை நேரா முன்னால பாத்துக்கிட்டுப் போறேனே."

"அப்ப நான் எப்படி வர்றது?" என்று மட்டும் கேட்டேன்.

சந்தியில் ஒரு ஹாரன் கேட்டது. நானாவின் பெரிய ஜீப் வந்து நின்றது. முன்னால் சின்னராசா.

"மச்சான், ஏறுங்க" என்றார். "நீங்க வாறீங்கன்னு தங்கச்சி கராஜுக்கு வந்த அன்னைக்கே சொல்லிட்டா. ஒரு ஆளுக்கு இடம் விட்டு வச்சிருக்கோம்."

எல்ல ஊரைத் தாண்டியதும் சிவப்புக் கார் எங்களை முந்திக்கொண்டு போனது. ராசம்மா கையசைத்தாள். ஜீப்பில் எல்லோரும் கையசைத்தார்கள். என் இரண்டு கையிலும் அண்ணி கொடுத்த குத்துவிளக்கு இருந்தது.

இப்படியாக, ராசம்மாவின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரோடும் அவள் மட்டும் இல்லாமல் நான் கொஸ்லந்தை போய்ச் சேர்ந்தேன்.