பீரோவில் இருபத்துநான்கு காதுகள்

உலகத்தில் நீதி என்று ஏதாவது இன்னும் மிச்சம் இருக்குமானால், அது எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், தண்ணீர் கேனுக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவே, வாரம் ஒரு முறை கூடுகிறது. அதன் திருநாமம் 'ஒரு காது செயலிழந்தோர் கருவி மதிப்பீட்டுக் குழு'. அதன் செயலாளர் அடியேன்தான்.

ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, எந்த மெஷினை மாட்டினாலும் பிரயோஜனமில்லை, ஆனால் மறுகாது நன்றாகக் கேட்கிறது என்று சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு கருவி வந்திருக்கிறது. அது உண்மையில் பலன் தருகிறதா என்று ஆராய்வதே எங்கள் புனிதப் பணி. குழுவில் மூன்று பேர். தலைவர் முன்பு அரசு நாற்காலிகள் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்துச் சான்றளித்த பிரிவில் இருந்தவர். காதுகளைப் பற்றி அவருக்கு எந்த முன்முடிவும் கிடையாது. இரண்டாமவர், காது பரிசோதனை படித்த ஒரு பெண்மணி. படித்தவர் என்பதால் அவருக்கு வாக்குரிமை இல்லை. மூன்றாவது நான்.

முதல் கூட்டத்திலேயே பரிசோதகர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே இரண்டு துண்டுகள்.

"சார், இது ரெண்டும் சேர்ந்ததுதான் கருவி. கேக்காத காதுல மாட்டுறது அந்தப் பக்கத்துச் சத்தத்தைப் பிடிச்சு அனுப்பும். கேக்குற காதுல மாட்டுறது அதை வாங்கி ஒலிக்கும்."

"கேக்குற காதுக்கு எதுக்கும்மா கருவி?" என்றார் தலைவர்.

"அதுலதான் சார் கேக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அதுலதான் ஏற்கெனவே கேக்குதே."

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, பதினான்காம் விதியில் விரலை வைத்தார். 'குறையற்ற உறுப்புக்குக் கருவி வழங்கலாகாது.' என்றோ ஒருவர் நல்ல கால்களை வைத்துக்கொண்டே ஊன்றுகோல் வாங்கிப் போய் ஒட்டடை அடித்தாராம், அதன்பின் வந்த விதி அது. எனவே ஜோடி பிரிக்கப்பட்டது. கேட்காத காதின் துண்டு பயனாளிக்கு, ஒரு வாரம் மாட்டிப் பார்க்க. கேட்கும் காதின் துண்டு எண் ஒட்டப்பட்டு, பீரோவுக்குள். சாவி என் இடுப்பில்.

இந்த முறையின் துல்லியத்தை என்னவென்று புகழ்வேன். இருபத்துமூன்று பேரைச் சோதித்தோம். இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில் "ஒண்ணும் கேக்கல" என்றார்கள். எந்த ஆராய்ச்சியிலும் இப்படிச் சிறு பிசகும் இல்லாத முடிவு கிடைத்ததில்லை என்று தலைவர் பூரித்துப்போனார். அறிக்கையை நான்தான் எழுதினேன். மேலிடம் பாராட்டியது. எனக்குப் பதவி உயர்வு என்று ஒரு பேச்சு அடிபட்டது.

இருபத்துநான்காவதாக வந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு அம்மாள். நாற்பது வயதிருக்கும். ஆறு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் வலது காது போய்விட்டது. ஓட்டக் கற்பவர் உட்காருவது அவருக்கு வலப்பக்கம். அங்கேதான் சிக்கல்.

"கத்துக்கிறவங்க என்ன சொன்னாலும் எனக்கு விழறதில்ல சார். இன்ஜின் சத்தம் வேற. போன வாரம் ஒருத்தர் ஆக்ஸிலேட்டர் மேல கால வெச்சு, இதுதானே பிரேக்னு கேட்டிருக்கார். எனக்குக் கேக்கலன்னா சிரிச்சுக்கிட்டே தலையாட்டிடறது பழக்கமாயிடுச்சு. அப்படியே ஆட்டியிருக்கேன்."

"அப்புறம்?"

"ஒரு மதில் சுவர் போச்சு சார்."

தலைவர் ஆழ்ந்து யோசித்தார். "நீங்க இடம் மாறி உக்காந்துக்கலாமே."

"அந்தப் பக்கம் ஸ்டியரிங் இருக்கு சார்."

"கத்துக்கிறவரைப் பின்சீட்டுல உக்காரச் சொல்லுங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

"சரி, ஒரு வாரமா மாட்டியிருக்கீங்களே, இப்ப எப்படி?"

"காதுல ஒட்டிக்கிட்டு இருக்கு சார். மத்தபடி ஒண்ணும் தெரியல."

வெளியே பெஞ்சில் காத்திருக்கும்படி சொல்லி அனுப்பினோம். அங்கே அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். கதவு மூடியதும் பரிசோதகர் எழுந்து நின்றார். இத்தனை வாரம் அடக்கிவைத்ததெல்லாம் அவர் குரலில் இருந்தது.

"சார், ஒரே ஒரு தடவை. பீரோவுல இருக்கிற இவங்களோட இன்னொரு துண்டை எடுத்து, நம்மள்ல யாராவது காதுல வெச்சுப் பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க."

தலைவர் பெருந்தன்மையானவர். "செயலாளர் காது நல்ல காது. அவரே பாக்கட்டும். நம்ம மேல ஒரு சொல் வரக்கூடாது."

நான் பீரோவைத் திறந்தேன். வரிசையாக இருபத்துநான்கு காதுகள், எண் ஒட்டி, அமைதியாகக் கிடந்தன. கடைசியை எடுத்தேன். பரிசோதகர் பேட்டரி போட்டு என் காதில் பொருத்தினார்.

முதலில் ஒரு உரசல். அப்புறம், பலகைத் தடுப்புக்கு அப்பால் இருந்த பெஞ்சு, என் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்னடி சொன்னாங்க?" இது அக்கா.

"யோசிக்கிறாங்களாம். திங்கக்கெழமைக்குள்ள இந்தக் கருவிக்குச் சான்று குடுக்கலன்னா டிரைவிங் ஸ்கூல்ல வண்டிய வாங்கிக்கிட்டு என்னை வண்டி கழுவுற எடத்துல போட்டுடுவாங்க அக்கா. பதினாறு வருஷம் சொல்லிக்குடுத்திருக்கேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"வெவரமா சொன்னியா?"

"சொன்னேன். நேத்து அந்தப் பொண்ணு விஷயத்தைத்தான் சொல்லல. மொத தடவையா கியர் ஒழுங்கா மாத்திட்டு, 'சரியா பண்ணேனா மேடம்'னு நாலு தடவை கேட்டிருக்கா. நான் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். எறங்கறப்ப பாத்தா அழுதுக்கிட்டிருக்கா. நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுட்டா பாவம்."

அக்கா முதுகில் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"குடுத்துடுவாங்கடி."

"அந்தச் செயலாளர் சார் நல்லவரா தெரியறாரு. முகத்துலயே இரக்கம் இருக்கு. அவரு எடுத்துச் சொல்லுவாரு பாரேன்."

"என்னய்யா," என்றார் தலைவர், "ஏதாவது கேக்குதா?"

பரிசோதகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு பொறுப்புள்ள அலுவலர் உணர்ச்சிவசப்படலாமா? கேட்கிறது என்றால், இருபத்துமூன்று பேருக்கும் கேட்டிருக்கும். கேட்டிருக்கும் என்றால் என் அறிக்கை பொய். அறிக்கை பொய் என்றால் மேலிடத்தின் பாராட்டு பொய். ஒரு ஆளுடைய வலது காதுக்காக இத்தனை பெரியவர்களைச் சங்கடப்படுத்துவது எந்த ஊர் நியாயம்?

"ஒண்ணும் கேக்கல சார்," என்றேன்.

பரிசோதகர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியேறினார். படித்தவர்களுக்குத் தோல்வியை ஏற்கும் பக்குவம் குறைவு. நான் தீர்மானத்தை எழுதினேன். 'செயலாளரின் பழுதற்ற காதிலும் வைத்துச் சோதிக்கப்பட்டது. யாதொன்றும் கேட்கவில்லை. கருவியால் பலன் இல்லை எனக் குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' தலைவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

முடிவைப் பயனாளிக்கு நேரில் வாசித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. எந்தப் பக்கம் நின்று வாசிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அக்கா வண்டி எடுக்கக் கீழே போயிருந்தார். பெஞ்சுக்கு இடப்பக்கம் ஜெராக்ஸ் மெஷின், எங்கள் தீர்மானத்தையே இருபது பிரதி எடுத்தபடி இரைந்துகொண்டிருந்தது. நான் அந்த அம்மாளுக்கு வலப்பக்கமாகப் போய், காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "ரொம்ப நன்றி சார், உங்களாலதான்," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

கருவி அபாரமான கருவி, அதில் சந்தேகமே வேண்டாம். அவசரத்தில் அதை நான் கழற்ற மறந்திருந்தேன். அவர் காதுக்கு வாசித்த தீர்ப்பு முழுவதும், என் குரலிலேயே, எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.