மாப்பிள்ளை அவர்களுக்கு, பூசணிகள் விஷயமாக

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் பணிவுடன் எழுதுவது. இங்கே கழுத்தும் இடது கால் பெருவிரலும் நீங்கலாக நான் முழு நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் எந்த உறுப்பும் நீங்காமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது யார் என்று நம் இருவருக்கும் தெரியும். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

என் கண் ஆபரேஷனுக்கு வந்திருந்தபோது உங்கள் மனைவி சும்மா இருக்காமல் வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் பூசணி விதை ஊன்றியது உங்களுக்கு நினைவிருக்கும். கிளம்பும்போது வாசலில் நின்று எனக்கு ஒரு கெடு வைத்தாளே, அதுவும் நினைவிருக்கும். "அப்பா, கெடணும்னு நினைச்சாலும் சீக்கிரம் கெடாத காய் இது. முத்தினதும் பறிச்சு, காயவச்சு, ஒரு பக்கமா வச்சிட்டா மாசக்கணக்கா அப்படியே கிடக்கும். அடுத்த லீவுக்கு நான் வரும்போது ஒரே ஒரு காய் நல்லா இருந்தாப் போதும், நீங்க இங்கேயே தனியா இருந்துக்கங்க, நான் வாயே திறக்கமாட்டேன். அதையும் கோட்டை விட்டீங்கன்னா மறுபேச்சு கிடையாது, வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்." நான் சரி என்று தலையாட்டியதைக் காரில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தவர் நீங்கள். ஒரு பூசணிக்காயைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா எனக்கு என்று அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, கொடி நன்றாகவே காய்த்தது. எண்ணிப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று எண்ணவில்லை, டஜனுக்கு மேலேயே இருக்கும். எப்போது பறிப்பது என்று மகளைக் கேட்டேன். "தோல் மேல கட்டைவிரல் நகத்தை வச்சு அழுத்திப் பாருங்கப்பா. நகம் இறங்கினா பிஞ்சு, இறங்கலைன்னா முத்தல்" என்றாள். மாப்பிள்ளை, இதை என்னிடமா சொல்வது? சோப்புத் தொழிற்சாலையில் ஓய்வு பெறும் வரை நான் பார்த்த வேலையே அதுதானே! வார்ப்பிலிருந்து வந்த கட்டியில் நான் நகத்தை வைத்து அழுத்தி "ம்" என்று சொன்னால்தான் அது உறைக்குள் போகும். என் கட்டைவிரல் நகத்துக்கு அங்கே இருந்த மரியாதை மேனேஜருக்குக்கூட இருந்ததில்லை. அதை வெட்டச் சொல்லி உங்கள் மனைவி பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து கெஞ்சுகிறாள், நான் வெட்டியதே இல்லை. அப்படிப்பட்ட நகத்துக்கு மறுபடி வேலை வந்தால் சும்மா இருப்பேனா? தினம் காலையில் காபியைக் குடித்துவிட்டு ஒரு காய் விடாமல் அழுத்திப் பார்த்தேன். நேற்று அழுத்திய இடத்திலேயே அழுத்தினால் சோதனை சரியாக வராது என்று இடம் மாற்றி மாற்றி அழுத்தினேன். பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், காய்க்கெல்லாம் அம்மை போட்டிருக்கு?" என்று கேட்டார். தோலில் கீறல் விழுந்தால் அந்த வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும் என்பதை உங்கள் மனைவி நான் அழுத்தி முடித்த பிறகுதான் சொன்னாள். முன்னாடியே சொல்றதுக்கென்ன?

சரி, ஒருவழியாகக் காம்பெல்லாம் காய்ந்து கட்டை மாதிரி ஆயிற்று, நகமும் இறங்கவில்லை, பறிக்க இறங்கினேன். காம்பை ஒட்ட நறுக்காமல் ஒரு சாண் விட்டு நறுக்க வேண்டும் என்று உத்தரவு. அப்படியே செய்தேன். ஆனால் அவ்வளவு நீளம் எதற்கு விடச் சொல்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள், பிடித்துத் தூக்கத்தானே? தூக்கினேன். காம்பு கையில் நின்றது, காய் காலில் விழுந்தது. பெருவிரல் விஷயம் இதுதான். அதற்குப் பிறகாவது புத்தி வரவேண்டாமா? ஒருவேளை அந்தக் காய்க்கு மட்டும் காம்பு சரியில்லையோ என்று இன்னும் இரண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். பிறகு எல்லாவற்றிலும் மண் ஒட்டியிருக்கிறதே என்று குளியலறைக்குக் கொண்டுபோய் நல்ல சோப்புப் போட்டுக் கழுவினேன். இதைப் போனில் சொன்னதும் உங்கள் மனைவி, "பூசணியைக் குளிப்பாட்டினீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஈரம் ஆகாதாம். மண்ணைத் துணியால் தட்டினால் போதுமாம்.

அடுத்து, வெதுவெதுப்பாகவும் காற்றோட்டமாகவும் ஓர் இடத்தில் வைத்துத் தோல் இறுகும்வரை காயவிட வேண்டுமாம். வெயிலும் காற்றும் வரும் அறை என் படுக்கையறை ஒன்றுதான். கட்டிலை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு நான் சோபாவில் படுத்தேன். கழுத்து விஷயம் இதுதான். தூசி படாமல் இருக்க மேலே மெல்லிய போர்வை ஒன்றைப் போர்த்தியிருந்தேன். தைத்த சட்டையைக் கொடுக்க வந்த தையல்கார அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வீட்ல விருந்தாளிங்களா சார்? இத்தனை பேரு, விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, ஒருத்தர்கூட எழுந்திருக்கலையே?" என்றார். போர்வையை விலக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

காய்ந்தபிறகு குளிர்ச்சியான, இருட்டான இடத்தில், ஒன்றையொன்று தொடாமல், வெறும் தரையில் படாமல் வைக்க வேண்டும். நம் வீட்டில் அப்படி ஓர் இடம் மாடிப்படிதான். படிக்கு ஒன்றாகப் பழைய துணி மடித்துப் போட்டு வரிசையாக உட்கார வைத்தேன். பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. மாடியில் குடியிருப்பவரிடம் சொல்லத்தான் மறந்துபோனேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், எப்போதும் நிதானமான மனிதர். காலையில் செல்லை நோண்டிக்கொண்டே இறங்கியவர் முதல் காயைப் பார்த்து விலகி இரண்டாவதை மிதித்து மூன்றாவதைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான்காவது அவருக்கு முன்னாடியே வாசலைத் தாண்டி உருண்டுபோய், வெளியே அவருக்காகக் காத்திருந்த காரில் மோதிற்று. ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மாள். இனிமேல் வண்டியே வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார். மாடிக்காரரைச் சமாதானப்படுத்த ஒரு கூடை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். "எனக்கு ஆப்பிள் வேணாம் சார், படிதான் வேணும்" என்று திருப்பிவிட்டார். கூடையைக் கொண்டுவந்து, மிச்சமிருந்த பூசணிகளோடு சேர்த்துச் சாமான் அறையில் வைத்தேன். ஆப்பிள் பக்கத்தில் இருந்தால் பூசணி சீக்கிரம் கெடும் என்று உலகத்தில் எல்லோருக்கும் தெரியுமாம். எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. சத்தியமாகத் தெரியாது.

ஒவ்வொன்றாக அழுகிக் குழிக்குப் போய், கடைசியில் ஒன்றே ஒன்று தங்கிற்று. அதைத்தான் மேஜைமேல் வைத்துத் தினமும் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். "சூப்பர்ப்பா, பரவாயில்லையே!" என்று மகள் பதில் போட்டபோதெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாளைக்கு முன்னால் அதைத் துடைக்கலாமென்று தூக்கினேன். மேல் பாதி மட்டும் கையோடு வந்தது. அடிப்பக்கம் எப்போதிலிருந்து அப்படி இருந்ததோ! வாரம் ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாள். போட்டோவில் அழகாக விழும் பக்கம் திரும்பிவிடுமே என்று நான்தான் தொடவில்லை. கூழாகிப்போன அதையும் மற்றவற்றைப் போட்ட அதே குழியில் பின்மதில் ஓரம் போட்டு மண்ணைத் தள்ளினேன்.

ஆக, தோற்றுவிட்டேன். கொடுத்த வாக்கு வாக்குதான். பெட்டி கட்டியாயிற்று. அங்கே எனக்கென்று தனி அறை வேண்டாம், பேத்தியின் அறையில் ஒரு ஓரம் போதும். ஒன்றுதான் சொல்ல வேண்டும், உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை. உங்கள் மாமியார் போன பிறகும் இந்த வீட்டில் காலையில் நானே எழுந்து, நானே கதவைத் திறந்து, நானே காபி போட்டுக் குடிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. சாவியை இன்னொருத்தர் கையில் கொடுக்க மனசே வரவில்லை. அழுகையாக வருகிறது, மாப்பிள்ளை. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லவேண்டாம். பூசணி விஷயத்தை மட்டும், அவள் நல்ல மூடில் இருக்கும்போது, மெதுவாகச் சொல்லிவையுங்கள்.

உங்கள் குடும்பம் குறையொன்றுமில்லாமல் தழைக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
கெடு தவறிய உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் குழிப்பக்கம் கடைசியாக ஒருமுறை போய்ப் பார்த்தேன். முதலில் போட்ட காய்களின் விதையெல்லாம் முளைத்து, அந்த இடம் பூராவும் குப்பென்று பச்சையாக நிற்கிறது! தையல்கார அம்மா மதில் மேலிருந்து எண்ணிப் பார்த்து, கை விரல் போதாமல் விட்டுவிட்டார். இத்தனை கன்றுக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது? கொடி ஓடி, காய்த்து, முற்றி, காய்கிற வரைக்கும் வீட்டில் ஆள் வேண்டாமா? ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியைப் பிரித்துத் துணியையெல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் கிழிக்க வேண்டாம், நேராக மகளிடமே கொடுத்துவிடுங்கள். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும், பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன்.