மாப்பிள்ளையின் மான் வேட்டைக்கு மூன்று ஜிபிஎஸ் கருவிகள்

சுகர் லேண்ட், டெக்சாஸ்
அக்டோபர் 19, ஞாயிறு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கிரீஷ் அவர்களுக்கு, மாமனார் பத்மநாபன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நியூ ஜெர்சியில் நீங்களும் விஷாகாவும் பேத்தியும் சௌக்கியம் என்பதை உங்கள் மாமியார் ராஜலக்ஷ்மி தினமும் ஒருமுறை போனில் உறுதிப்படுத்துகிறாள்.

முதலில் கடைசியாகக் கிடைத்த தகவல். நவம்பர் கடைசி வாரத்தில், இங்கிருந்து ஐம்பத்திரண்டு மைல் மேற்கே, இருநூற்றுப் பத்து ஏக்கர் நிலத்தில் நீங்கள் மான் வேட்டையாட அனுமதி கிடைத்துவிட்டது. கொடுத்தவர் நிலத்தின் சொந்தக்காரர் டாக்டர் அந்தோனிப்பிள்ளை; நேற்று காலை பதினொன்று இருபதுக்கு, நேரில், வாய்மொழியாக. சாட்சி என் மகன் மதன். அனுமதி வாங்கும்போது என் பேண்ட் முழங்கால்வரை சேறாக இருந்தது. அதற்கான காரணம் கீழே வருகிறது.

ஆகஸ்டில் நீங்கள், ஆபீஸ் நண்பரோடு பென்சில்வேனியாவுக்கு வேட்டைக்குப் போகப்போவதாகவும், காட்டில் போன் சிக்னல் இருக்காது என்பதால் கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் ஒன்று வேண்டும் என்றும், "மாமா, நீங்க ரிப்போர்ட்டர் ஆச்சே, எது நல்லதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றும் கேட்டீர்கள். முப்பத்தெட்டு வருடம் நாளிதழ் வேலை பார்த்தவனிடம் அப்படிச் சொன்னால் அது அசைன்மென்ட். மூன்று வாய்ஸ் மெசேஜில் இடைக்கால அறிக்கை அனுப்பினேன். மூன்றும் இன்னும் கேட்கப்படவில்லை என்று போன் காட்டுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று விதி இருப்பதால், மதனை விட்டு மூன்று கருவிகளை ஒரே நேரத்தில் வரவழைத்தேன். மதன் காலை ஆறரைக்கு ஃப்ரீவே ஏறினால் மாலை ஏழுக்குத்தான் வருவான். மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆகவே சோதனைக்கு நேரம் இருந்தது. மூன்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் எங்கள் காலனியின் ஏரியைச் சுற்றி நடந்தேன். ஒன்பதாம் நாள், ஒரு முதியவர் சந்தேகப்படும்படி வீடுகளை அளந்துகொண்டு போகிறார் என்று காலனி குரூப்பில் யாரோ போட்டோவோடு போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியில் இரண்டு பிழைகள் இருந்தன: எனக்கு வயது எண்பது அல்ல, எழுபத்தொன்று, தொப்பி என்னுடையது அல்ல, மதனுடையது. திருத்தம் போடச் சொன்னேன். மதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் என்னோடு பேச ஒருவராவது நிற்பார் என்று எதிர்பார்த்தேன். கையசைத்துவிட்டுக் காரில் போனார்கள்.

இனி முடிவுகள். முதல் கருவிக்குத் தொடுதிரை. பார்க்க அழகு, ஆனால் வெயிலில் திரை மங்குகிறது, கையுறை போட்டால் விரலை மதிப்பதில்லை, சார்ஜ் தீர்ந்தால் காட்டில் பிளக் பாயின்டுக்கு எங்கே போவது. இரண்டாவதில் பொத்தான்கள். பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் பதினாறு மணி நேரம் ஓடுகிறது. தண்ணீரில் விழுந்தும் ஓடியது, இதற்கு நானே ஆதாரம். மூன்றாவது, சிக்னலே இல்லாத இடத்திலிருந்தும் சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும். "நலமாக இருக்கிறேன்" என்ற மெசேஜை ராஜலக்ஷ்மிக்கு ஒருமுறை அனுப்பிப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் அது பதினொரு முறை போயிருக்கிறது, நான் நிற்கும் அட்சரேகை தீர்க்கரேகையோடு. நான் எங்கோ தொலைந்துவிட்டேன் என்று பயந்து அவள் மத்தியானமே கூப்பிட்டாள். அன்று ஒரே நாளில் இரண்டு முறை பேசினோம். கருவியின் சிறப்பம்சங்களில் இதையும் சேர்க்கலாம்.

என் சிபாரிசு இரண்டாவது. ஆனால் கருவியைவிட முக்கியம் அதில் ஏற்றும் மேப். கூடவே வருகிற மேப்பில் பெரிய சாலைகள் மட்டும்தான் தெரியும். மேடு பள்ளம் காட்டும் மேப் தனி. எந்த நிலம் யாருடையது என்று எல்லைக் கோடும் பெயரும் காட்டும் மேப் தனி. டெக்சாஸில் பெரும்பாலும் தனியார் நிலம். கேட்காமல் வேலி தாண்டினால் குற்றம். இந்த இரண்டு மேப்பையும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பையில் ஒரு காகித மேப்பும் இருக்கட்டும்.

அந்த எல்லை மேப்பைத்தான் பல மத்தியானங்கள் படித்துக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கான கட்டங்கள், எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். அவற்றின் நடுவே ஒரு கட்டத்தில் அந்தோனிப்பிள்ளை. பெயரைக் கண்டதும் சட்டையை மாட்டிக்கொண்டேன். "யார்னே தெரியாது, பேர் தமிழா இருக்குன்னு ஐம்பது மைல் ட்ரைவ் பண்றதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே மதன் சனிக்கிழமை வண்டியை எடுத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேப்பில் பெயர் இருப்பது நிலத்தின் நட்டநடுவில். கேட் இருப்பது வேறு பக்கம். கருவி நேர்கோட்டில் வழிகாட்டும், நடுவில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. கம்பி வேலிக்கு அடியில் புகுந்து, மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையில் இறங்கி (இரண்டாவது கருவி விழுந்தது இங்கேதான்), ஏழு மாடுகளின் முன்னிலையில், "சேர்ந்துவிட்டீர்கள்" என்று கருவி சொன்ன இடத்தில் நின்றேன். வேலி தாண்டினால் குற்றம் என்று மேலே எழுதியவன் நான்தான். சின்ன வண்டி ஒன்றில் ஒரு பெரியவர் வந்தார். என்னையும் சேற்றையும் பார்த்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன்.

"கேற் அங்கால எல்லோ கிடக்கு. நீங்கள் ஆர் ஐயா?"

மேப்பில் பெயரைப் பார்த்து வந்தேன் என்றேன். வேறெதற்கும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"இருபத்தொரு வருஷமா இந்தக் காணி என்ட பேரில கிடக்கு," என்றார். "ஒருத்தரும் அதை வாசிச்சுப்போட்டு வரேல்லை."

யாழ்ப்பாணத்துக்காரர், ஹூஸ்டனில் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஆறு வருடம். இரண்டு மகள்களும் தூரத்தில், பிளசன்டனில். பிளெயின் டீ கொடுத்தார். இரண்டரை மணி நேரம் பேசினோம். சாட்சியான மதன் காரில் தூங்கிவிட்டான். மாப்பிள்ளை வேட்டைக்கு வருவார் என்றேன். "வரட்டும், மான் நிறையக் கிடக்கு. ஆனா மானையும் மாட்டையும் பிரிச்சறியிறவரோ?" என்று கேட்டார். உங்கள் சார்பில் ஆம் என்று உறுதியளித்திருக்கிறேன்.

ஆகவே பென்சில்வேனியா வேண்டாம். தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் இங்கே வாருங்கள். நீங்கள் வந்தால் விஷாகா வருவாள், விஷாகா வந்தால் குழந்தை வரும், குழந்தை வந்தால் ராஜலக்ஷ்மி வருவாள். இது என் ஊகம்; யாரும் உறுதிசெய்யவில்லை. பிரசவத்துக்கு ஆறு வாரம் என்று போனவள், எட்டு மாதம் ஆகிறது. நான் குறையாகச் சொல்லவில்லை. விவரத்துக்காகச் சொன்னேன்.

குழந்தைக்கு முத்தங்கள். உங்கள் குறி தப்பாமலும் உடம்பு நோகாமலும் எல்லா நலமும் பெற்று இருக்க ஆசிகள்.

அன்புள்ள மாமா,
பத்மநாபன்

பி.கு. (திங்கள் காலை): கடிதத்தைத் தபாலில் போடுமுன் ராஜலக்ஷ்மி பேசினாள். உங்கள் நண்பர் வேறு வேலைக்கு மாறிவிட்டதால் வேட்டைத் திட்டம் செப்டம்பர் முதல் வாரமே கைவிடப்பட்டதாம். உங்களுக்குத் துப்பாக்கிச் சத்தமே ஆகாதாம். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன்.

"நீங்க ஏதோ வேலையா இருந்தீங்க. குரல் நல்லா இருந்துது. அதான் சொல்லல."

ஆகவே மேலே உள்ள எதுவும் தேவையில்லை. கருவிகள் மூன்றும் இன்று திருப்பி அனுப்பப்படுகின்றன. டாக்டருக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை. நீங்கள் மானுக்காகக் காத்திருக்க அவர் ஒரு மேடை கட்ட ஆள் சொல்லியிருக்கிறார். வேட்டை இல்லாமலும் வரலாம், மாப்பிள்ளை. உங்களுக்கு முடியாவிட்டால் ராஜலக்ஷ்மியையாவது அனுப்புங்கள். குழந்தைக்கு டேகேரில் இடம் கிடைத்தால் நவம்பரில் வருகிறேன் என்று அவள் சொன்னாள். இடம் உண்டா என்பதை டேகேர்காரர்கள் 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, சொல்வார்களாம். வெள்ளிக்கிழமை நான் எங்கும் வெளியே போவதாக இல்லை.