நாட்டிலேயே ஒரே ஒரு நிபுணர்

உலகத்தில் நடுநிலைக்கு எங்காவது சிலை வைப்பதென்றால், எங்கள் பல்கலைக்கழகத்தின் நேர்முகத் தேர்வு அறையில்தான் வைக்க வேண்டும். தேர்வுக்குழுத் தலைவன் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்கிறேன்.

எங்கள் திபெத்திய, சீனவியல் துறையில் மொத்தமே ஓர் ஆள். ‘லாமா’ என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். இளமையைப் பனிமலை மடங்களில் கழித்து, இரண்டு மொழிகளையும் கரைத்துக் குடித்தவர். சீனத்தில் தொலைந்துபோன நூல்களைத் திபெத்தியத்திலிருந்து மீட்டவர். அந்த மேதைமையை நாங்கள் வீணாக்கியதே இல்லை. அலுவலக நகல் இயந்திரத்தில் சீன எழுத்து மின்னினால் உடனே ஆள் அனுப்புவோம். “காகிதம் சிக்கியிருக்கு” என்று மொழிபெயர்த்துவிட்டுப் போவார்.

அவர் ஓய்வுபெறும் தறுவாயில் பேராசிரியர் பதவிக்கு விளம்பரம் வந்தது. அதற்காகவே காத்திருந்த மனிதர். “பேராசிரியரா ஆகப்போறீங்க, காலர் கிழிஞ்சதப் போட்டுட்டுப் போகாதீங்க” என்று அவர் மனைவி புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தாராம்.

விதிப்படி குழுவில் மொழி தெரிந்த ‘வெளி நிபுணர்’ ஒருவர் இருக்க வேண்டும். சல்லடை போட்டுத் தேடினோம். நாட்டிலேயே ஒருவர்தான் அகப்பட்டார். லாமா.

“சார், நான்தானே விண்ணப்பம் போட்டிருக்கேன்?” என்றார்.

“அதனால என்ன? அந்த நாற்காலியில உக்காந்து கேளுங்க. வெளியே போய்ட்டு வந்து, இந்த நாற்காலியில உக்காந்து பதில் சொல்லுங்க. விதின்னா விதிதான்.”

பாவம், மனசாட்சி உள்ளவர். தன்னையே குடைந்து குடைந்து கேட்டார். சுற்றி வந்து திபெத்தியத்தில் பதில் சொன்னார். திரும்பிப் போய் அதை மறுத்தார். புதுச்சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டினோம். கடைசியில் நிபுணர், விண்ணப்பதாரர் தகுதியானவர் என்றார்.

பதிவாளர் என் காதைக் கடித்தார். “இவங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப நாள் பழக்கம் போலிருக்கே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுநிலைக்குப் பங்கம் வரலாமா? மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவர் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தேன்.

“அப்ப துறைய யார் சார் பாத்துக்குவாங்க?” என்று மட்டும் கேட்டார் லாமா.

மீதம் இருந்தது ஒரே விண்ணப்பம். அந்த இளைஞருக்கு நிபுணரோடு பழக்கமில்லை. திபெத்தியத்தோடும் இல்லை, சீனத்தோடும் இல்லை. இதைவிடச் சுத்தமான நடுநிலை எங்கே கிடைக்கும்? பழக்கம் என்று பார்த்தால் அவருக்கு என் ஒருவனோடுதான். அதுவும் என் பெண்ணைக் கட்டிக்கொண்ட பிறகு ஏற்பட்டது.